ஒரு குழாய்க்கு மூன்று அளவு

சிரஞ்சீவி அரவிந்தனுக்கு,

உத்திரமேரூரிலிருந்து உன் பெரியப்பா பஞ்சாட்சரம் எழுதுவது. நான் இங்கு நலம் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமா இல்லையா என்பதை உன் டாக்டர் கூட்டம் இன்னும் முடிவு செய்யாததால் அதை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இரு. இந்தக் கோபத்திலும் அதை மாற்றி எழுதக் கை வரவில்லை.

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் காஞ்சிபுரம் போனேன். கல் இல்லை. வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய், நீ அயோர்ட்டா என்கிறாயே, அது நான்கு புள்ளி ஒன்பது சென்டிமீட்டர், 'லேசான விரிவு' என்று எழுதித் தந்தார்கள். அடுத்த மாதம் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சி.டி. எடுத்தால் ஐந்து புள்ளி ஏழு, 'பெரிய வீக்கம்'. ஐந்தரையைத் தாண்டினால் வெடிக்கலாம், உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். ஒரே மாதத்தில் இவ்வளவு வளர்ந்தால் தையில் நடக்க வேண்டிய என் பெண் சசிரேகா கல்யாணத்தை நான் எங்கே பார்ப்பது? சம்பந்தி வேதாசலத்தின் கையைப் பிடித்து அதற்கு முந்தின ஆவணிக்கே மாற்றினேன். மண்டபம் கிடைக்காமல் அரிசி மில் களத்தில் பந்தல் போட்டு, தாலி கட்டும் நேரத்தில் மழை கொட்டி, பந்தியில் யார் இலையில் ரசம், யார் இலையில் மழை என்று தெரியவில்லை. அதன் பிறகு ஆபரேஷனுக்குச் சென்னை போனால், அங்கே திரும்ப எடுத்துப் பார்த்து, ஐந்து புள்ளி இரண்டுதான், இப்போது வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

முருகன் சுருக்கிவிட்டான் என்று உன் பெரியம்மா சுலோச்சனா என்னைத் திருத்தணிக்கு இழுத்துப்போய் மொட்டை போட்டாள். உன் அப்பன் தினகரன் என் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். சம்பந்தி சிரிக்கவில்லை. "உசுருக்கு ஆபத்துன்னுதானே அவசரப்படுத்தினீங்க? இப்போ கல்லு மாதிரி கீறீங்களே?" என்றார்.

அதன் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படித்துப் பார்.

"சுருங்கல்லாம் இல்ல பெரியப்பா. ஒருத்தர் குழாயோட உள்சுவர்ல இருந்து உள்சுவருக்கு அளந்துகீறாரு. ஒருத்தர் வெளிய இருந்து வெளிய, அதுவும் வளையற எடத்துல சாய்வா. மூணாவது ஆளு நேர்குறுக்க."

"அப்போ இன்னாதாண்டா சரி?"

"எல்லாரும் ஒரே மாதிரி அளக்கணும், ஒரே மாதிரி எழுதணும்னுதான் எங்க ஆராய்ச்சியே. ஒங்க மூணு ரிப்போர்ட்டும் குடுங்க பெரியப்பா. நல்ல உதாரணம்."

உதாரணமாம். வாழைக்காய் நறுக்குவதற்குக்கூடத் தோலோடா, தோல் சீவியா என்று கேட்டுவிட்டுத்தான் சுலோச்சனா அருவாமனையில் உட்காருகிறாள். வயிற்றைக் கிழிக்கப் போகிறவர்கள் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டாமா? ஊருக்கெல்லாம் ஐந்தரை என்று கோடு போட்டீர்களே, எங்கிருந்து எங்கே என்று யாரும் சொல்லவில்லையா? உள்ளே அளந்தவன் நோயாளிகளையும் வெளியே அளந்தவன் நோயாளிகளையும் ஒரே கூடையில் கொட்டிக் கிளறிக்கினு கீறதுக்குப் பேரு ஆராய்ச்சியா? ஒரு ரிப்போர்ட்டும் தர மாட்டேன். இனி எந்த மிஷினிலும் படுக்கவும் மாட்டேன். நீயும் ஒரு அளவுக்கு வரும்வரை இந்த வீட்டுப் பக்கம் வராதே.

நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நீண்ட ஆயுளோடு இருப்பாயாக.

உன் பெரியப்பா,
பஞ்சாட்சரம்

பின்குறிப்பு: கூடப்பிறந்தவர்களுக்கும் இது வரலாம் என்று போனில் கடைசியாகச் சொன்னாயே, அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை உன் அப்பனை வம்படியாகக் காஞ்சிபுரம் அழைத்துப்போனேன். மூன்று புள்ளி ஆறாம். வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர், நேர்குறுக்கே. அதை ரிப்போர்ட்டில் எழுதினால்தான் எழுந்திருப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாள். சின்னதுதான், வருஷம் ஒருமுறை பார்த்தால் போதும் என்றாள். அவனுடையதோடு என் மூன்றையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வா. இன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அப்பன் என் கையை விடவே இல்லை.