கிழக்கு மரம் ஜில், மேற்கு மரம் சூடு

நான் பொய் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவன் இல்லை. இன்னொருவர் சொன்ன பொய்யைத் திருத்தாமல், கேசரி சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவன். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு என்று அந்த இருபத்தாறு வயதில் உறுதியாக நம்பினேன். (இப்போதும் கொஞ்சம் நம்புகிறேன். என் மனைவி நம்புவதில்லை.)

தரகர் சொன்னது இதுதான்: "பையன் மெட்ராஸ்ல ஃபிரிட்ஜு, ஏசி கம்பெனில இருக்காருங்க. இன்ஜினியர் மாதிரி." கம்பெனி என்று அவர் சொன்னது ஒரு கடை. நான் அதில் இருந்தது உண்மை. ஃபிரிட்ஜ் விற்றதும் வாரண்டி கார்டில் வாங்கியவர் பெயரையும் ஃபிரிட்ஜின் நம்பரையும் எழுதி, கடை சீலைக் குத்தி, வாயால் ஊதிக் காயவைத்துக் கொடுப்பது என் வேலை. என்னுடைய மொத்த இன்ஜினியரிங் படிப்பும் தரகர் சொன்ன அந்த 'மாதிரி'யில்தான் இருந்தது.

கல்யாணம் ஆகி மூன்று மாதம் கழித்து என் மாமனார் ஒரு கார் வாங்கினார். மெட்ராஸ் டாக்டர் ஒருவர் ஓட்டிச் சலித்த பழைய டீசல் அம்பாசடர். அதில் ஏசி இருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி, அதில் இரண்டு திருகு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருக்கிற அவருடைய ஊரில் அதற்குமுன் ஏசியை யாரும் பார்த்ததில்லை. வாசலில் நிற்கிற காருக்குள் தலையை விட்டு, "ஐயோ, ஜில்லுன்னு இருக்குதே!" என்று சொல்லிவிட்டுப் போவதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வந்தார்கள்.

வாங்கிய ஒரே வாரத்தில் ஏசி தகராறு செய்ய ஆரம்பித்துவிட்டது. முதல் பத்து நிமிஷம் ஐஸ் மாதிரி வரும். அப்புறம் காருக்குள்ளே சூளை. வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் கழித்து எடுத்தால் மறுபடி ஜில். மறுபடி பத்து நிமிஷத்தில் சூளை.

அம்மா வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி வசந்தாவைக் கூட்டிவர, இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தது அந்த நேரத்தில்தான்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து மாவட்டங்களெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. நான் போய் இறங்கிய மறுநாள் காலையில் சாலைகளை அடைத்துவிட்டார்கள். ஊருக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டரில் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மேற்கே, கல்வராயன் மலைப் பக்கம், இரண்டு கிலோமீட்டரில் இன்னொன்று. ஒரு வாரத்துக்கு எந்த வண்டியும் ஓடாது என்றார்கள்.

"நல்லதா போச்சு மாப்ளே," என்றார் மாமனார், பல் குச்சியை வாயிலிருந்து எடுத்து. "ஒரு வாரம் இருக்கீங்க. ஏசிய ஒரு கை பாத்துடுங்க."

ஓடிப்போக பஸ் இல்லை.

கடைக்கு வரும் மெக்கானிக்குகள் எல்லாருக்கும் சொல்கிற ஒரு வாக்கியம் எனக்கு மனப்பாடம். அதை எடுத்து விட்டேன். "காஸ் கம்மியாயிருக்கும் மாமா. காஸ் அடைச்சா சரியாயிடும். ஆனா ரோடு அடைச்சிருக்கறதால..." என்று கையை விரித்தேன்.

மாமனார் சிறிது யோசித்தார். எட்டாவது வரைதான் படித்தவர். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டார். "காஸ் கம்மின்னா மொத பத்து நிமிசம் மட்டும் எப்பிடி ஜில்லுன்னு வருது?"

நியாயமான கேள்வி. கடையில் எந்த வாடிக்கையாளரும் இதைக் கேட்டதில்லை. நான் பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். (தட்டினால் எதுவும் தெரியாது. தட்டுகிறவனைப் பார்த்தால் தெரிந்தவன் மாதிரி இருக்கும்.)

அன்றைக்கு மத்தியானம் படுத்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். எப்படியாவது இதைக் கண்டுபிடித்தே தீருவது. சீல் குத்துகிறவன் மூளையும் மூளைதானே? முறைப்படி சோதித்தால் விடை வந்துவிட்டுப் போகிறது.

முறை என்றால் முதலில் வெப்பநிலையை அளக்க வேண்டும். வீட்டில் இருந்தது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். அதைக் கொண்டுவரச் சொன்னதும் மாமியார் பதறிக்கொண்டு வந்தார். "யாருக்கு காச்ச?"

"காருக்கு" என்றாள் வசந்தா.

ஏசி காற்று வரும் இடத்தில் பத்து நிமிஷம் பிடித்தேன். பாதரசம் அசையவே இல்லை. தொண்ணூற்றைந்துக்குக் கீழே அதில் கோடே கிடையாது என்பது அதற்கப்புறம்தான் கண்ணில் பட்டது. "காச்ச இல்லியே?" என்று மாமியார் நிம்மதியாகக் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அடுத்து ஓட்டிப் பார்க்கிற சோதனை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, மாமனார் ஓட்டினார். போவதற்குச் சாலை என்று இருந்தது வெட்டிப்போட்ட இரண்டு மரங்களுக்கு நடுவில் நாலு கிலோமீட்டர்தான். வீட்டிலிருந்து கிழக்கு மரம் வரை போய், திரும்பி மேற்கு மரம் வரை போய், வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் நிறுத்துவோம். பிறகு மறுபடி. டீசலுக்குக் கவலை இல்லை, பம்பு செட்டுக்கு வாங்கிய பீப்பாய் நிறைந்திருந்தது. பின்சீட்டில் வசந்தா நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக. ஒவ்வொரு மரத்திலும் நான் "எழுது" என்பேன், அவள் எழுதுவாள்.

இரண்டு நாளில் பதினோரு ரவுண்டு போனோம். பதினோரு ரவுண்டிலும் கிழக்கு மரத்தில் ஜில், மேற்கு மரத்தில் சூடு.

"மேற்கால மலை இருக்குது," என்றார் மாமனார் தீவிரமாக. "மலைக் காத்து இந்த மெசினுக்கு ஒத்துக்கல போல."

"இருக்கலாம் மாமா" என்றேன் நானும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நான் கல்வராயன் மலையையே சந்தேகப்பட்டேன்.

"மொதல்ல மேற்கால போயிட்டு அப்புறமா கிழக்கால போய்ப் பாத்தா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. நாங்கள் இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. கார் நின்ற பிறகு காலுக்கடியில் பாய் நனைந்திருப்பதையும் அந்தக் குரல் சுட்டிக் காட்டியது. "ஏசின்னா வேர்க்கும்" என்று சொல்லி வாயை அடைத்தேன்.

பன்னிரண்டாவது ரவுண்டில் மேற்கு மரத்தில் எங்களை மறித்தார்கள்.

சுமார் ஐம்பது பேர். நடுவில் நின்றவர் கையைத் தூக்கினார். "பெரியவரே, உங்கள எங்களுக்குத் தெரியும். இவரு யாரு?"

"எங்க மாப்ளப்பா. மெட்ராசு."

"மெட்ராசு மாப்ள எதுக்கு ரெண்டு நாளா இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் போய்க்கினு வந்துக்கினு இருக்காரு? பின்னால அந்தம்மா இன்னா எழுதிக்கினு வருது?"

நோட்டுப் புத்தகம் கை மாறியது. ஒரு இளைஞர் காரின் பானெட் மேல் சாய்ந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"கிழக்கு மரம், ஜில். மேற்கு மரம், சூடு. கிழக்கு மரம், நல்ல ஜில். மேற்கு மரம், ரொம்ப சூடு, உக்கார முடியல."

நடுவில் நின்றவர் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? எங்க போராட்டம் சூடா இருக்குது, எங்க ஆறிக் கெடக்குதுன்னு ரிப்போர்ட்டா? யாருக்குப் போவுது, போலீசுக்கா?"

"கெழக்க இருக்கறவனுங்க ஜில்லுன்னுதான் குந்திக்கினு இருப்பானுங்க, எனக்கு அப்பவே தெரியும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். "அது ஏசிங்க! கார் ஏசி சூடாவுது, அதத்தான் எழுதறோம்!"

"ஆமாப்பா," என்று மாமனார் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க மாப்ள ஏசி இன்ஜினியரு. ரிப்பேரு பாக்கறாரு."

கூட்டம் ஒரு பக்கமாக விலகி, ஒல்லியான ஒருவர் முன்னால் வந்தார். பெயர் ஏழுமலை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். மறியலால் ஆலைக்குப் போகாமல் இங்கே மரத்தடியில் இருந்தவர். மரியாதையான மனுஷன். சிரித்த முகமாக பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, "கம்ப்ரசர் எது, காட்டுங்க சார்" என்றார்.

நான் உள்ளே பார்த்தேன். பெரிய பாத்திரம் மாதிரி கறுப்பாக, உருண்டையாக, நடுநாயகமாக ஒன்று இருந்தது. இவ்வளவு முக்கியமாக உட்கார்ந்திருக்கிறதென்றால் இதுதான் என்று விரலை நீட்டினேன்.

ஏழுமலை சிரிப்பதை நிறுத்தினார். "சார், அது ஏர் கிளீனருங்க."

"போலீஸ்தான்!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் நெருங்கியது. மாமனார் என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்று என்னைப் பார்த்ததற்கு நேர் எதிரான பார்வை.

எனக்கு முன்னால் இரண்டே வழிதான். போலீஸ்காரனாக அடி வாங்கலாம். இல்லையென்றால் மாமனார் எதிரிலேயே நான் யார் என்று சொல்லலாம். எது அதிகம் வலிக்கும் என்று கணக்குப் போட நேரமில்லை.

"நான் இன்ஜினியர் இல்லீங்க. போலீசும் இல்லீங்க. ஃபிரிட்ஜ் கடைல வாரண்டி கார்டுல சீல் குத்தறவங்க!"

"இதுக்கு இன்னா அத்தாச்சி?" என்றார் நடுவில் நின்றவர்.

அத்தாட்சி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாரண்டி கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கிற நிபந்தனைகளை ஒப்பிக்க ஆரம்பித்தேன். "வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு வரை. கம்ப்ரசருக்கு மட்டும் ஐந்தாண்டு. கீழே விழுந்து உடைந்தால் செல்லாது. எலி கடித்தால் செல்லாது. மின்னழுத்தக் கோளாறால் கெட்டால் செல்லாது. கடை முத்திரை இல்லாத கார்டு செல்லவே செல்லாது..." பன்னிரண்டு நிபந்தனையும் மூச்சு விடாமல் சொன்னேன். எட்டாவதில் யாரோ சிரித்தார்கள். பன்னிரண்டாவதில் ஐம்பது பேரும்.

"வுடுங்கடா, நெஜமாவே சீல் குத்தறவருதான்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் கண்ணைத் திறந்தபோது மாமனார் வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச ஆரம்பித்தது வசந்தாதான். "ஏழுமலை அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? இவங்க சூடா காத்து வருதுன்னு சொல்றாங்க. நான் கைய வெச்சிப் பாத்தேன். சூடா வரல. காத்தே வரல. ஃபேன் சத்தம் மட்டும்தான் இருக்குது."

ஏழுமலை நிமிர்ந்தார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"சொல்ல வுட்டாதான."

அவர் காருக்குள் படுத்து அந்தப் பெட்டியின் முன்மூடியைக் கழற்றினார். கூட்டம் மொத்தமும் ஜன்னல்களில் தலையை நீட்டியது. உள்ளே ஒரே வெள்ளை. ஐஸ் ஃபேக்டரியில் பாளம் கட்டியிருப்பதுபோல் காற்று வருகிற வழி முழுக்க ஐஸ் அடைத்திருந்தது. குளிர் ஜாஸ்தியாகி உறைந்து, உறைந்ததால் காற்று அடைபட்டு, நிறுத்தினால் உருகிப் பாயை நனைத்து, மறுபடி உறைந்து... அவ்வளவுதான் விஷயம். மலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

புரட்டாசி வெயிலில் ஐஸைப் பார்த்தால் விடுவார்களா? சுரண்டிச் சுரண்டிப் பிடரியில் வைத்துக்கொண்டார்கள். போராட்டம் ஐந்து நிமிஷம் உண்மையிலேயே ஜில்லென்று ஆனது.

"உள்ள குளிரு போதும்னு மெசினுக்குச் சொல்றதுக்கு ஒரு கம்பி உண்டு," என்றார் ஏழுமலை, பெட்டிக்கு அடியில் தொங்கிய மெல்லிய செம்புக் கம்பியைத் தூக்கிக் காட்டி. "இதோட முனை உள்ள சொருவி இருக்கணும். வெளிய தொங்குனா, குளிரு பத்தலன்னு நெனச்சி மெசினு நிக்காம ஓடிக்கினே இருக்கும். யாரோ புடிச்சி இழுத்திருக்காங்க. இன்னாத்தயோ மாட்டித் தொங்கவுட்டிருக்காங்க."

எல்லாரும் ஒரே சமயத்தில் பார்த்தோம். அந்தக் கம்பி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அதில் மாமனாருடைய பச்சைக் கரைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"துண்டு மாட்றதுக்குத்தான் வெச்சிருக்கான்னு நெனச்சேன்" என்றார் மாமனார், மலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஏழுமலை முனையைச் சொருகினார். இரண்டு நிமிஷ வேலை. வீடு வரும்வரை கார் ஜில்லென்று ஓடியது. ஊருக்குள் நுழையும்போதுதான் மாமனார் வாயைத் திறந்தார்.

"சீலு மட்டும்தானா?"

"பேரும் நம்பரும்கூட எழுதுவேன் மாமா."

"கையெழுத்து?"

"அது மொதலாளி போடுவாரு."

"ம்." கொஞ்ச தூரம் போனதும், "துண்டு விசயம் ஒங்க அத்தைக்குத் தெரிய வேணாம்."

நாங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது அத்தை இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். மரத்தடியிலிருந்து யாரோ வரப்பு வழியே சைக்கிளில் வந்து, நான் சீல் குத்துகிறவன் என்பதையும் மாமனார் துண்டு மாட்டியதையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அத்தை எங்களைத் திட்டவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வசந்தாவுக்கு மட்டும் மோர் கொடுத்தார்.

சாலை திறந்ததும் மெட்ராஸ் திரும்பினோம். தரகரை மாமனார் என்ன செய்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்குள் ஒரு பரீட்சை வந்துவிட்டது. பெண் பார்க்க வருகிற பையன் யாராக இருந்தாலும், காபி குடித்து முடித்ததும் மாமனார் வாசலுக்கு அழைத்துப் போய் பானெட்டைத் தூக்குவார். "கம்ப்ரசர் எது, காட்டுங்க தம்பி." என் மைத்துனியைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் பேட்டரியைக் காட்டினார், ஒருவர் ரேடியேட்டரைக் காட்டினார். அத்தனை பேரும் நம்பிக்கையோடு காட்டினார்கள். அத்தனை பேரும் வந்த வழியே திரும்பினார்கள். உறவுக்காரர்கள் பந்தியில் இதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம், இந்தப் பரீட்சை ஏன் வந்தது என்று யாராவது ஒருவர் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கிவிடுவார். நான் பாயசத்தைக் குனிந்து குடித்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் என் மகளைப் பார்க்க ஒரு பையன் வந்தான். கம்ப்யூட்டர் வேலை. மாமனாருக்கு எண்பது தாண்டிவிட்டது. கைத்தடியோடு வாசலுக்குப் போய், என்னுடைய காரின் பானெட்டைத் திறக்கச் சொல்லி, கேள்வியைக் கேட்டார்.

பையன் எட்டிப் பார்த்தான். "தெரியலைங்க தாத்தா. யாராவது தெரிஞ்சவங்கள கூப்புடலாமா?"

மாமனார் பானெட்டை மூடினார். "நாள் பாக்கச் சொல்லு" என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எல்லாரும் உள்ளே போன பிறகு அந்தப் பையன் என்னிடம் வந்து, "உண்மையிலயே அது எங்க இருக்கு மாமா?" என்று மெதுவாகக் கேட்டான். நான் பானெட்டைத் திறந்து விரலை நீட்டினேன். சரியான இடத்தில்தான் நீட்டினேன். ஆனாலும் வாசற்படியில் நின்றிருந்த வசந்தா பார்த்து, சரிதான் என்று தலையாட்டிய பிறகுதான் வாயைத் திறந்தேன்.