ஐந்து நிமிட இடைவெளியும் ஒரு நாள் தாமதமும்

சனிக்கிழமை, பிற்பகல் 2.00: நிரல் ஓடத் தொடங்கியது. அறுபது குடும்பங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.
4.20: இருபத்தொன்பதாவது செய்தி சென்றது.
4.22: மடிக்கணினியின் மூடி சாத்தப்பட்டது.
ஞாயிற்றுக்கிழமை, காலை 7.15: மூடி திறக்கப்பட்டது.
9.48: அறுபதாவது செய்தி சென்றது.
10.00: பாச்சாங்கில் என் வீட்டில் கருமக்கிரியை தொடங்கியது.
திங்கட்கிழமை, காலை 10.05: மூன்று வேன்கள் வந்து நின்றன.

மேற்கண்டவை நடந்தவை. இவற்றுக்கெல்லாம் நானே காரணம் என்பது என் வாக்குமூலம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் கணினி கற்பித்தவன் நான். மாறக்கூடிய எதையும் நிரலுக்குள் மாறாத சொல்லாக எழுதிவைக்கக் கூடாது என்று ஆண்டுதோறும் பலகையைத் தட்டிச் சொன்னவன். (பிள்ளைகள் கேட்டார்களோ இல்லையோ, நான் கேட்கவில்லை.)

என் மனைவி கமலா மறைந்த பதினாறாம் நாள் ஒரு வேலைநாளில் விழுந்தது. ஜோகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்காகக் காரியத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். எல்லோருக்கும் தெரிவிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். "நாளை காலை பத்து மணிக்கு எம் இல்லத்தில்" என்று தொடங்கும் செய்தியை மூன்று முறை திருத்தினேன். சந்திப் பிழைகள் இல்லை என்று உறுதி செய்தபின் ஒரு சிறிய ஷெல் நிரல் எழுதினேன். அது ஒருவருக்குச் செய்தி அனுப்பும். பிறகு "ஸ்லீப் 300" என்ற கட்டளைப்படி முந்நூறு நொடி காத்திருக்கும். அதன்பின் அடுத்தவருக்கு அனுப்பும். பட்டியலில் முதலில் என் நகரத்து நண்பர்களும் உறவினர்களும் இருந்தார்கள். பிற்பாதி, கமலாவின் குறிப்பேட்டிலிருந்து எடுத்துச் சேர்த்தது. அவள் பிறந்து வளர்ந்த சிம்பாங் அம்பாட் தோட்டத்து மக்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் வந்து நிற்காவிட்டால் காரியம் நிறைவுபெறாது என்பது எனக்குத் தெரியும்.

செய்தி கண்டவர்கள் உடனே அழைத்தார்கள். பேசினேன். நான்கரை மணிக்குப் பிறகு அழைப்புகள் நின்றுபோயின. மக்களுக்கு என்ன ஒரு நாகரிகம் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். உண்மையில், கமலாவின் தங்கை வசந்தி பூத்தட்டு வைக்க இடம் தேடி, மேசையிலிருந்த என் கணினியை மூடி அலமாரிக்கு மாற்றியிருந்தாள். மூடினால் கணினி உறங்கும். அது உறங்கும்போது முந்நூறு நொடிக் கணக்கும் அப்படியே நின்றுவிடும். இதை நான் தேர்வில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை, ஐயர் அனுப்பிய பொருள் பட்டியலைப் பார்க்கக் கணினியைத் திறந்தேன். பட்டியலை மட்டும் பார்த்தேன். பின்னால் நிரல் விட்ட இடத்திலிருந்து "நாளை, நாளை" என்று அனுப்பத் தொடங்கியதைப் பார்க்கவில்லை. கைபேசியை ஒலியடக்கி அறையில் வைத்தவன், மறுநாள் வரை அதைத் தொடவேயில்லை.

காரியம் நடந்துகொண்டிருந்தபோது வசந்தி குனிந்து கேட்டாள்: "அத்தான், தோட்டத்துக்காரங்க ஒருத்தரயும் காணோமே?"

"எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"அஞ்சலக்கா கூடவா வரல?"

அஞ்சலை அக்கா கமலாவோடு ரப்பர் மரங்கள் நிற்கும் பால்வெளியில் ஓடித் திரிந்த தோழி. அவர் பெயரையும் சேர்த்து முப்பத்தொரு பெயர்களை மனத்துக்குள் ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்தேன்.

திங்கட்கிழமை விருந்தினர் அனைவரும் போய்விட்டனர். கைலியும் கையில் வாளியுமாக வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேன்களிலிருந்து வெள்ளையும் வெளிர்நிறமும் உடுத்திய நாற்பது பேர் இறங்கினார்கள். முன்னால் அஞ்சலை அக்கா.

"என்னா மாப்ள, பத்து மணிக்கிக் காரியம்னு போட்டீங்க, வாளியோட நிக்கிறீங்க? கேனோப்பி பந்தல் எங்க?"

"காரியம் நேத்தே முடிஞ்சிருச்சுக்கா."

கடைசி வேன் பக்கமிருந்து ஒரு குரல்: "அப்ப நான் சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சி லீவு வாங்குனது?"

"சும்மா இரு லா," என்று அதட்டிய அக்கா, கைபேசியை என் முகத்தருகே நீட்டினார். "இந்தா, நேத்து காலயில வந்திச்சி. நாளைன்னு போட்டிருக்கு. நேத்துக்கு நாளை இன்னிக்குத்தானே? எத்தன போன் அடிச்சேன், எடுத்தீங்களா?"

அந்தத் தர்க்கத்தில் என்னால் ஒரு குறையும் காண முடியவில்லை. வாளியைப் பிடித்தபடியே மூடி, உறக்கம், நொடிக்கணக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். நாற்பது பேரும் வெயிலில் நின்று மரியாதையாகக் கேட்டார்கள். (என் வகுப்பில் அத்தனை அமைதி என்றுமே இருந்ததில்லை.)

"எல்லாம் சரி. ஒரே தடவயா அனுப்பித் தொலைக்கிறதுக்கு என்னா? எதுக்கு அஞ்சு அஞ்சு நிமிஷம் நிக்கணும்?"

அதை மட்டும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன். சொல்ல வேண்டியதாயிற்று. "செய்தி பாத்தவுடன எல்லாரும் கூப்பிட்டு அழுவாங்கக்கா. ஒருத்தர்கிட்ட பேசி முடிச்சு, அடுத்தவங்ககிட்ட பேசுறதுக்குள்ள குரல் சரியாகணுமில்ல."

அக்கா கேட்டார்: "அஞ்சு நிமிஷம் பத்துமா மாப்ள?"

என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தார். பதினாறு நாளாக மிக ஒழுங்காக நடந்துகொண்ட நான், நாற்பது பேர் முன்னிலையில் வாசற்படியில் அமர்ந்து அழுதேன். அந்த அழுகைக்கு இடைவெளி எதுவும் இருக்கவில்லை.

பிறகு பெண்கள் சமையலறையைக் கைப்பற்றினார்கள். வசந்தி கிளேபாங்கிலுள்ள தன் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். பத்து வயதில் கமலா, தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரின் சைக்கிளை எடுத்துச் சென்று கால்வாயில் விட்ட கதையை அன்றுதான் கேட்டேன். நாற்பது ஆண்டு மணவாழ்க்கையில் அவள் எனக்குச் சொல்லாத கதை. மாலை வரை வீடு நிறைந்திருந்தது. எல்லாம் சரியாக நடந்திருந்தால், அதுவே நான் தனியாக இருந்த முதல் நாளாக இருந்திருக்கும். அந்த நாளை எனக்குத் தராமல் எடுத்துக்கொண்டவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இப்போது குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கு நான் அழைத்தாலும், "இது நேத்தா, நாளைக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தேதியைக் குறித்துக்கொள்கிறார்கள். கமலாவின் ஆண்டுத் திதியும் இரண்டு நாள் நடந்தது. இரண்டாம் நாள் தங்களுடையது என்று தோட்டத்தார் உரிமையோடு சொல்லிவிட்டார்கள்.

இன்னும் செய்து முடிக்காதவை:

நிரலில் "நாளை" என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தேதியைப் போடுவது.

கணினியை மூடியது யார் என்று அந்தத் திங்களன்று எல்லார் முன்னும் விசாரித்ததற்காக வசந்தியிடம் மன்னிப்புக் கேட்பது.

அந்த முப்பத்தொரு குடும்பங்களுக்கும் நன்றி சொல்வது. இதற்கு நிரல் இல்லை. நானே ஒவ்வொருவராக அழைக்கிறேன். ஓராண்டில் பதினொரு பேரிடம் பேசியிருக்கிறேன்.