ரெண்டு சிம்மும் ஒரே கம்பியும்

ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். எழுத்து கோணலாக வரும். முன்னால் நடந்தது பின்னால் வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

டெலிபோன் கம்பெனிகளையே கெஞ்ச வைத்த ஒரே மனிதர் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில்தான் இருந்தார். பட்டுக்குச் சாயம் போடுகிறவர். பெயர் என்னவோ, போனில் இரண்டு கம்பெனி சிம் வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவர் 'ரெண்டு சிம்மு'. ஒரு கம்பெனிக்குப் போன் போட்டு, "அவன் தினம் ரெண்டு ஜிபி தரேன்றான், நீ இன்னா தர்ற? இல்லாங்காட்டி நம்பரோட அங்க போய்க்கினே இருப்பேன்" என்பார். கை முழுக்க அரக்குச் சாயம். பேச்சில் மட்டும் கலெக்டர். பாலுக்கும் இரண்டு பால்காரர்கள். முடி வெட்டும்போது பாதித் தலையோடு எழுந்துபோய் அடுத்த கடையில் விலை கேட்டார் என்பார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

ஒருநாள் இரண்டு கம்பெனியும் ஒன்றாக ரேட்டை ஏற்றிவிட்டன. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. "ரெண்டே பேரு மிச்சம் இருந்தா சம்பந்தி ஆயிடுவானுங்கக்கா" என்றார்.

நான் தறிக்காரர்களுக்கு வீட்டிலேயே ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுப்பவள். தோள் போனதால் ராட்டைக்கு ஒரு குட்டி மோட்டார் வைத்தேன். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் அதைப் பார்த்து, வீட்டு ரேட்டைக் கடை ரேட்டாக மாற்றி எழுதிவிட்டார். அந்த ரேட்டுக்கு என் கூலி காணாது. மறுபடி கையால் சுற்றத் தோளும் இல்லை.

ரெண்டு சிம்முவிடம் சொன்னேன். "கரண்டுக்கு எதிர்க்கடை இல்லக்கா, ஒரே கம்பி. அதுக்குத்தான் ரேட்டு நாயம் பாக்க கவருமெண்டுல ஒரு கமிஷன் வெச்சிக்கீறாங்கோ. மெட்ராஸ்ல ஜனங்கள கூப்ட்டு கேக்குறாங்களாம். நீயே வந்து பேசு" என்றார்.

நானா? பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சொல்ல வெட்கப்பட்டு, ஐயம்பேட்டையில் இறங்காமல் அடுத்த ஊர் வரை போய் நடந்து திரும்பியவள் நான்.

எட்டு நாள் ராட்டையிடம் பேசிப் பழகினேன். மெட்ராஸ் மண்டபத்தில் மைக்கைப் பார்த்ததும் எல்லாம் போனது. "நான் கடை இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உட்காரத் தோன்றாமல் நின்றேன். மண்டபமே சிரித்தது.

ரெண்டு சிம்மு மைக்கை வாங்கினார். பழக்கதோஷம். "இந்தம்மாவுக்குச் சரி பண்ணலன்னா, நாங்க வேற கம்பெனிக்குப் போய்க்கினே இருப்போம்."

மேடையில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "கரண்டுக்கு எந்தக் கம்பெனிங்க ஐயா?"

"அதத்தாங்க கேக்க வந்தோம். இன்னொருத்தன் இருந்தா உங்ககிட்ட ஏன் வரோம்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் என் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த முறை மீட்டர் பார்த்தபோது வீட்டு ரேட் திரும்பிவிட்டது. என் பேச்சால்தான் என்று தெருவில் பெயர். மறுத்துச் சொல்லவும் வெட்கம், விட்டுவிட்டேன்.

ரெண்டு சிம்மு இப்போது மகளோடு ஏனாத்தூரில். எந்த வருஷம், எந்த மண்டபம் என்பதையெல்லாம் யாராவது அவரிடமே கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். இரண்டு நம்பரும் என்னிடம் இருக்கிறது. நானும் அப்பப்போ கூப்பிடுவேன், ஒன்றில் எடுக்காவிட்டால் மற்றதில். அதிலும் எடுக்காவிட்டால், பேச எனக்கு வேறு ஆள் கிடையாது.