காய்ச்சல் டிரசர்

மலாயாவில், பேராக்கில் நான் பார்க்காத சண்டைக்காரர்கள் இல்லை. ஆனால் இன்னும் பிறக்காத குழந்தைகளுக்காகத் துரை, கங்காணி, வண்டிமாடு என்று ஒன்று விடாமல் சண்டை போட்டவரை எங்கள் தோட்டத்தில்தான் பார்த்தேன். பெயர் காய்ச்சல் டிரசர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தோம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர்தான் டிரசர். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடும்போது அவரும் வந்து நிற்பார். வயிற்றுப்பிள்ளைக்காரி யாராவது கண்ணில் பட்டால் போதும்.

“ஏம்மா, வெளிய வா. உனக்குக் காய்ச்சல்.”

“எனக்கு ஒண்ணுமில்லைங்களே!”

“நான் சொன்னா காய்ச்சல்தான் லா. யாரு டிரசர், நீயா நானா? போய்ப் படு!”

கங்காணிக்கு ஆள் குறையும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், “ஏன் டிரசரே, உங்க காய்ச்சல் புள்ளத்தாச்சிக்கு மட்டும்தான் வருமா?” என்று கேட்டுவிட்டார்.

டிரசர் அவருடைய தொந்தியை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கும் தரேன். எத்தனை மாசம்?”

பெரட்டே சிரித்தது. துரை மட்டும் சிரிக்கவில்லை. நிறைமாதமானாலும் வேலைக்குப் போயே தீர வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

டிரசர் அசரவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் நாங்கள் பால் வாளியோடு சரிவில் இறங்கும்போது எதிரே வந்து, பிடுங்கித் தானே சுமந்தார். பால் சிந்திச் சிந்தி அவருடைய வெள்ளைக் கோட்டு விறைத்துப்போனது. கழற்றி வைத்தால் தானாக நிற்கும். கண் மங்கிய பெரியவர் ஒருவர், ஆள் என்று நினைத்து, தன் வயிற்றுவலியை முழுதும் அந்தக் கோட்டிடம் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு மழை நாள். டிரசர் தோட்டத்தின் மறுகோடியில் இருந்தார். நான் வாளியோடு வழுக்கி விழுந்தேன். தலைச்சன் பிள்ளை, நிறைமாதம். சேதி கேட்டு ஓடிவந்தார். துரையின் கார் ஈப்போவுக்குப் போயிருந்தது. பால் சேர்க்கும் ஸ்டோருக்குப் போன மாட்டுவண்டியை மறித்து, பால் டின்களை வழியிலேயே கவிழ்த்தார். சேற்றில் வெள்ளையாகப் பால் ஓடியது. என்னை வண்டியில் ஏற்றினார்கள். டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் மாட்டோடு சண்டை: “நடடா! கங்காணி சொன்னாத்தான் நடப்பியா?” அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பையன் பிறந்தான். அழவில்லை.

டிரசர் அவன் முதுகைத் தேய்த்தார். வாயில் ஊதினார். “அழுடா, அழுடா” என்று கெஞ்சினார். டாக்டர் தோளைத் தொட்ட பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

“தோத்துட்டேன், தங்கச்சி.”

நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். போனது போகட்டும், அடுத்தது தங்கும் என்றார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பாலைக் கொட்டியதற்காக டிரசரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழியனுப்ப நாங்கள் இருவரும் ரயிலடிக்குப் போனோம். வண்டி ஏறும் முன் டிரசர் கேட்டார்:

“மகனுக்குப் பேரு வச்சிட்டியாம்மா?”

மகன் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. “முருகையான்னு நெனச்சிருந்தேன் அண்ணே.”

“முருகையா” என்றார், பக்கத்தில் விளையாடுகிறவனைக் கூப்பிடுவது போல.

அப்புறம் எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், தங்கினார்கள். என் மூத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் மட்டும் அவர் ஒருவர்தான்.