சத்தம் குறையாத கார்

"பழைய சைலன்சரையே மாட்டிக் குடுத்துருய்யா" என்று அறிவுச்செல்வன் சொன்னதும், மெக்கானிக் அமல்தாஸ் தலையைச் சொறிந்தார்.

"அது பழைய இரும்புக் கடைக்குப் போயிருச்சு சார்."

"யாரக் கேட்டுப் போட்ட?"

அமல்தாஸ் ஸ்பேனரைத் துடைத்தார்.

பதவி உயர்வு வந்த கையோடு, தெருவே திரும்பிப் பார்க்கட்டும் என்று காருக்கு உறுமும் சைலன்சர் மாட்டியவர் அறிவுச்செல்வன். தெரு திரும்பிப் பார்த்தது. ஆபீஸும் பார்த்தது. "உள்ள மீட்டிங் நடக்குது, வெளிய நெல்லு அறுக்குற மிஷினா ஓடுது?" என்று அதிகாரி கேட்டுவிட்டு, காரை வளாகத்துக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

போதாததற்கு டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வேறு.

"புகையச் சுத்தம் பண்ற டப்பாவக் கழட்டிட்டோம்ல. பின்னாடி இருக்குற ஆக்சிஜன் சென்சார் அதக் கண்டுபுடிச்சிருச்சு சார்."

"அதுக்கு அவ்வளவு திமிரா?"

"சென்சாரக் கொஞ்சம் வெளிய தள்ளி மாட்டி ஏமாத்திரலாம். சத்தத்தையும் கொறச்சிர்றேன்."

ஏமாற்றினார்கள். விளக்கு அணைந்தது. குன்னம் போய்ச் சேர்வதற்குள் சென்சார் ஒயர் சூடான குழாயில் பட்டு உருகி, விளக்கு மறுபடி எரிந்தது. ஒயரை மாற்றியபோது குழாயின் வெல்டிங் விட்டுப்போனது. அதன் பிறகு கார் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது. சத்தமோ, அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பது போல எழுந்தது.

"அந்தப் பய என்னய முட்டாளாக்குறான்!" வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார் அறிவுச்செல்வன்.

சிதறிய சோற்றை அள்ளிக்கொண்டே மனைவி மேகலா சொன்னாள்: "சத்தம் நல்லாத்தாங்க இருக்கு. கம்பீரமா இருக்கு. அப்படியே இருக்கட்டுமே."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொன்னது அதுதான் முதல்தடவை. ஒரு கணம் அவருக்கு நெஞ்சு விம்மியது. ஆனால் மறுநாள் அதிகாரி மெமோ கொடுத்துவிட்டார்.

நேரே பட்டறைக்குப் போய் அமல்தாஸின் சட்டையைப் பிடித்தார்.

"ஒவ்வொரு தடவையும் கொறைக்கிறேன் கொறைக்கிறேன்னு சொல்லிக் கூட்டித்தான வுடுற? ஒனக்குத் தொழில் தெரியுமா, தெரியாதா? போலீஸுக்குப் போறேன் பாரு!"

"போங்க சார்" என்றார் அமல்தாஸ், தலையைக் குனிந்துகொண்டு. சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை.

பட்டறையை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் ஜெயசுதா, கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அவர வுடுங்க சார். சத்தம் மட்டும் கொறஞ்சிரக் கூடாதுண்ணேன்னு ஒங்க வூட்டம்மாதான் இங்க வந்து அழுதுட்டுப் போனாங்க. பாலக்கரை முக்குல ஒங்க கார் திரும்புறது கேட்டாத்தான், வூட்டுல புள்ளைங்க சிரிப்ப நிறுத்திக்கிறதுக்கு நேரம் கெடைக்குதாம்."