பாதி நாக்கு

முத்துராஜுக்குத் துப்பக்கூட வரவில்லை. நர்ஸ் சகாயமேரி நீட்டிய கிண்ணத்தைக் குறிபார்த்துத்தான் துப்பினார். அது திசைமாறி, அன்றைக்கென்றே எடுத்த வெள்ளைச் சட்டையின் பையில் போய் விழுந்தது.

"ழாக்கு எங்ழ?" என்று கத்தினார்.

"நாக்கு அங்கயேதாங்க இருக்கு," என்றார் பல் டாக்டர் இளம்பரிதி. "வலதுபக்கம் உதடு, நாக்கு ரெண்டும் மரத்திருக்கும். நரம்புல சின்னச் சின்னக் கதவுங்க இருக்கு. அது தெறந்து சோடியம் உள்ள பாஞ்சாத்தான் சேதி மூளைக்கு ஓடும். ஊசி மருந்து அந்தக் கதவைச் சாத்திருச்சு. பல்லைக் குடைஞ்சும் வலிக்கலையே, அதனாலதான்."

"எஃப்பத் ழெழக்கும்?"

"மருந்தை ரத்தம் கொஞ்சங்கொஞ்சமாக் கொண்டுபோயி கல்லீரல்ல சேக்கணும். அங்க இருக்கிற நொதிங்க அதை வெட்டிப் போடும். சாயங்காலம் ஆயிரும். நீங்க கோவப்பட்டா அதுங்க வேகமா வெட்டப்போறதில்லைங்க."

கோபப்படாமல் எப்படி இருப்பது? பென்னாகரத்தில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் முத்துராஜின் வாய்க்குச் சந்தைத் தரகர்களே பயப்படுவார்கள். மகள் வெண்மதிக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை முறித்ததும் அந்த வாய்தான். மூன்றாவதாக வந்த கம்பைநல்லூர்ப் பையன் சிலம்பரசனை அவளுக்குப் பிடித்திருந்தது. "இதுவும் போனா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் பெண் பார்க்க வந்த அன்று பையனின் அப்பா பச்சியப்பன், மூன்றாவது முறை கறி வாங்கிக்கொண்டே ஒன்று சொன்னார்: "பென்னாகரம்னா காடுதானுங்களே! யானைக்கும் சேத்து ஆக்கிட்டீங்களாட்டம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். முத்துராஜுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. பதில் மறுநாள் காலையில்தான் தோன்றியது. இன்று மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்: "எங்கூரு யானைகூடத் தின்ன வூட்டைக் குத்தம் சொல்லாதுங்க." கடையில் தவிட்டு மூட்டைகளைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகியும் வைத்திருந்தார்.

இந்த நாள் பார்த்துத்தான் மனைவி மேனகா அவரைத் தர்மபுரியில் இறக்கினாள். "சம்பந்தி வூட்டுப் பந்தியில கன்னத்தைப் புடிச்சிக்கிட்டு உக்காருவீங்களா? போற வழிதானே, காட்டிட்டுப் போயிரலாம்."

காரில் ஏறியதும் முத்துராஜ் தன் வலது கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஓங்கி அறைந்தார். கன்னம் சிவந்து உப்பியதுதான் மிச்சம்.

"பேய் புடிச்ச மாதிரி அடிச்சிக்காதீங்க," என்றாள் மேனகா.

"ஊடா ஒழு ழீ!"

வழியில் கொதிக்கக் கொதிக்க டீ குடித்துப் பார்த்தார். சூட்டில் நாக்கு விழித்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. உள்ளே போனதைவிட வெளியே வழிந்ததுதான் அதிகம். எச்சில் பட்ட சட்டையில் இப்போது டீயும் ஏறியது.

கம்பைநல்லூரில் பையனின் அம்மா கோகிலா வாசலுக்கே வந்து கைகூப்பினாள். கூடத்தின் நடுவே பச்சியப்பன் உட்கார்ந்திருந்தார். வாங்க என்று ஒரு வார்த்தை வரவில்லை. கையை மட்டும் கூப்பி, வாயின் ஒரு ஓரத்தால் சிரித்தார். மறு ஓரம் தொங்கியது.

முத்துராஜுக்கு ரத்தம் தலைக்கேறியது. கார்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்த தன் முகம் அப்படியே அங்கே இருந்தது. பழிப்புக் காட்டுகிறான்! சபை நடுவில் உட்காரவைத்துப் பழிப்புக் காட்டுகிறான்!

கைகழுவப் போகிற சாக்கில் சமையலறைப் பக்கம் நுழைந்தார். முறத்தில் பச்சை மிளகாய் கிடந்தது. இரண்டை வாயில் போட்டு நறநறவென்று மென்றார். வலதுபக்கம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் மிளகாய்க்கென்று நாக்கில் தனியாக ஒரு கதவு உண்டு. மரக்காத இடதுபக்கத்தில் அது அகலத் திறந்துகொண்டது.

கண்ணும் மூக்கும் ஒழுகக் கூடத்துக்குத் திரும்பினார்.

"அய்யோ, பாருங்க!" என்றாள் கோகிலா. "பொண்ணை அனுப்பணுமேன்னு இப்பவே அழுவுறாரு! இவரையா கோவக்காரருன்னு சொன்னாங்க?"

முத்துராஜ் இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார்.

"மறைக்கிறாரு பாருங்க!" என்று அத்தைமார் இருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பச்சியப்பன் மட்டும் அதே அரைச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் முத்துராஜால் பொறுக்க முடியவில்லை. நேரே போய் அவர் மூக்குக்கு முன்னால் விரலை நீட்டினார்.

"எங்ழூழு ழானைகூழ..."

சொல்லைவிட எச்சில்தான் தெறித்தது. பச்சியப்பன் முகம் கறுத்து எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல் முத்துராஜின் தோளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். முத்துராஜ் அவர் இடுப்பைப் பிடித்தார். இருவரும் மூச்சுவாங்க ஒருவரையொருவர் நெட்டித் தள்ளினார்கள். ஒருவராலும் ஒருவரை அசைக்க முடியவில்லை.

"சம்பந்திங்க கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். செல்போன்கள் நீண்டன. சிலம்பரசன் நெகிழ்ந்துபோய் அந்தப் படத்தை உடனே வெண்மதிக்கு அனுப்பினான். அந்தச் சந்தடியிலேயே மேனகாவும் கோகிலாவும் வெற்றிலை பாக்கு மாற்றி, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது தர்மபுரியைத் தாண்டியதும் உதட்டில் எறும்பு ஊர்ந்தது. முத்துராஜ் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்.

"யானை," என்றார். "யானை! வந்துருச்சு! வண்டியைத் திருப்புப்பா! எனக்குப் பழிப்பா காட்டுனான் அவன்?"

"வெத்தலபாக்கு மாத்தியாச்சுங்க. வெண்மதி போட்டோவைப் பாத்துட்டு அழுதுகிட்டு இருக்குது. இனிமே போயி என்ன பேசுவீங்க?"

"நாலு பேச்சு பேசுவேன்டி! நிச்சயதார்த்தம்னு ஒண்ணு வருமில்ல, அன்னிக்கு வெச்சுக்கிறேன் அவனை!"

மேனகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முத்துராஜின் செல்போன் அடித்தது. பல் ஆஸ்பத்திரி நர்ஸ் சகாயமேரி.

"அய்யா, மரப்பு போயிருச்சுங்களா?"

"போயிருச்சு, சொல்லு!"

"நல்லதுங்க. உங்களுக்கும், காலைல உங்களுக்கு முந்தி ஊசி போட்டுட்டுப் போன கம்பைநல்லூர் பச்சியப்பன் அய்யாவுக்கும் ரெண்டாவது சிட்டிங், என்னைக்கு நாள் குறிச்சாலும் நிச்சயதார்த்தத்தன்னைக்குக் காலையிலேயே இருக்கட்டும்னு மேனகாக்காவும் கோகிலாக்காவும் முன்னாடியே சொல்லிவெச்சுட்டாங்க, மறந்துராம வந்துருங்க."