எழுபத்தெட்டு நீளக் கட்டில்

உப்பளம், புதுச்சேரி
12-6-1956

கடலூர் மச்சான் கலியமூர்த்தி அவர்கள் சமூகத்துக்கு உத்திராபதி எழுதிக்கொண்டது. இங்கு நான், வீராயி, உளி, இழைப்புளி எல்லாரும் சுகம். அங்கு உன் தொப்பையும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். பட்டறையில் சாய்ந்து எழுத இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தது, அதனால் கடுதாசி கொஞ்சம் நீளம்.

முதல்ல ஒரு வெக்கத்தைச் சொல்லிடறேன், சிரிக்காதே. சுலோசனாவுக்குத் தாய்மாமன் சீரா நான் செஞ்ச கல்யாணக் கட்டில்ல ஒரு ஆடு படுத்தா நெறைஞ்சு போவுது. தப்பு என்னுது இல்ல, உன்னுது. நீளம் 78, அகலம் 42, உயரம் 18னு மொட்டையா எழுதிட்டே. உங்க ஊர்ல அது இன்ச்சு. எங்க ஊர்ல பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் மீட்டர் கோல் என் பட்டறையிலதானே கெடக்குது? சென்டிமீட்டர்ல அறுத்துட்டேன். சந்தேகம் வராம இல்ல. நிச்சயத்தப்ப எனக்குக் காய்ச்சல், மாப்பிள்ளையைப் பாத்ததில்ல. சரி, அவரு உசரமே அவ்வளவுதான் போலன்னு வீராயிகிட்ட சொன்னேன். "எங்க நாத்தனார் பொண்ணை முழங்கால் உசர ஆளுக்கா குடுக்கறாங்க!"ன்னு தெரு பூரா அழுதுட்டு வந்தா. போன வாரம் பத்திரிகை வைக்க மாப்பிள்ளையே வந்தாரு. நெலைப்படியில நங்குன்னு தலையை இடிச்சிக்கிட்டு, குனிஞ்சு உள்ள வந்தவரைப் பாத்து இவ கேக்கறா, "வாங்க தம்பி, மாப்பிள்ளையை எங்க விட்டுட்டு வந்தீங்க?"

அன்னைக்கே தையக்காரர் தணிகாசலத்துகிட்ட இன்ச்சு டேப்பு வாங்கி, வேற தேக்கு அறுத்து, ஒரு ஆணி அடிக்காம எல்லாம் கழுந்தும் துளையுமாப் பொருத்தி, கால்ல தாமரை செதுக்கி பெரிய கட்டிலை முடிச்சேன். "கட்டில்ல கொறை வந்தா சம்பந்தி முன்னால தலை நிமிர முடியாது"ன்னு எழுதியிருந்தியே, அந்த பயத்தை விடு. இன்னைக்குக் காலையில நான் டீ குடிக்கப் போன நேரத்துல வண்டிக்காரன் அம்மாவாசை வந்து, சாக்கு சுத்திக் கட்டி மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டான். நேரா சம்பந்தி வீட்டு வாசல்லயே எறக்கிப் பிரிக்கச் சொல்லியிருக்கேன். ஊரே பாக்கட்டும். முன்னல்லாம் எல்லையில சுங்கக்காரன் சாக்கைப் பிரிச்சு எட்டிப் பாப்பான். இப்ப அந்தச் சாவடியும் போச்சு, வழியில பிரிக்க ஆளில்ல.

தங்கச்சி செல்வாம்பாளுக்கு என் அன்பு. வெள்ளிக்கிழமை தாலி கட்டற ரெண்டு பேரும் நூறு வருஷம் காலை நீட்டித் தூங்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உத்திராபதி

பி.கு.: எதுமேல சாய்ஞ்சுக்கிட்டு எழுதறீங்கன்னு வீராயி இப்பதான் கேட்டா. எழுந்து பாத்தேன். பெரிய கட்டில்.